புகைஞ்சா கத்தும்

சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் ஆணி அடிக்கும் சத்தம். விஜயலெட்சுமி ரொட்டிக்குப் பிசைந்த மாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். தீபாவளிக்கு ஃபிரிஜ், பொங்கலுக்கு கேஸ் அடுப்பு, இப்போது என்ன வந்து இறங்கியிருக்கிறதோ!

நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய வீடுகளில், இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதுவும் கூரை வரை போகாது. அண்ணாந்து பார்த்தாள். சுவருக்கு மேலே, கூரை மரத்தில், பக்கத்து வீட்டு ரமேஸ் வட்டமாக ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்திக்கொண்டிருந்தான்.

"என்னா சக்தி அது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"பதுளையில ஹுமைத் நானா கடையில வாங்குனதுக்கா. புகைஞ்சா கத்தும்!" என்றாள் ரமேஸின் மனைவி சிவசக்தி.

ரமேஸ் ஒரு பொத்தானை அமுக்கினான். அது வீலென்று கத்தியதில் லயமே வாசலுக்கு வந்துவிட்டது. "மாசத்துக்கு ஒருக்கா இப்பிடி அமுக்கிப் பாக்கணும். பேட்டரி தீந்தா மாத்தணும்" என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் வேறு. பெரிய இஞ்சினியர் என்று நினைப்பு.

விஜயலெட்சுமிக்கு வயிறு பற்றி எரிந்தது. அவள் புருஷனும்தான் கொழும்பில் மாடாய் உழைக்கிறான், வீட்டில் ஒரு நல்ல டிவி உண்டா? அதுவும் அந்த வீட்டில் அத்தனை இடம் இருக்க, இவள் வீட்டுக் கட்டிலுக்கு நேர் மேலே கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். சிவப்பு லைட் ஒன்று அவளைப் பார்த்துக் கண்ணடித்தது.

கட்டிலில் கிடந்த மாமனார் அழகர் வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். பக்கவாதத்தில் கால் விழுந்த மனுஷன். அவள் வேலைக்குப் போனால் அவருக்குத் துணை அந்தச் சுருட்டுதான்.

"ஒங்களுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும்!" என்று அவரிடம் பாய்ந்தாள்.

சாயங்காலம் அந்தப் பக்கம் குசுகுசுவென்று பேச்சு. காதைத் தீட்டிக்கொண்டாள்.

"விஜி அக்காகிட்ட எதுக்குன்னு சொல்லிறாதீங்க. ரோசக்காரி, கோவிச்சுக்கும்." இது சிவசக்தி.

"நா ஏன் சொல்றேன்? அந்தப் பக்கம் புகைஞ்சா நமக்கு ஒடனே தெரிஞ்சிரும். அது போதும்" என்றான் ரமேஸ்.

புகைகிறதாமே! அவளுக்குப் புகைவதைக் கண்டுபிடிக்க ஒரு மெஷினே வாங்கி மாட்டியிருக்கிறார்களா? அவமானத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. பொய்யென்று சொல்லவும் முடியவில்லை, உள்ளே நிஜமாகவே புகைந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலையில் ரமேஸ் வேலைக்கு பஸ் ஏறிவிட்டான். சிவசக்தி பீலியில் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு போனாள். மாமனார் நல்ல தூக்கம். விஜயலெட்சுமி கட்டில் சட்டத்தில் ஏறி எக்கிப் பெட்டியைத் திருகினாள். பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டு, பெட்டியை மட்டும் பழையபடி மாட்டினாள். சிவப்பு லைட் அணைந்துவிட்டது.

"இப்ப கத்து பாப்பம்!"

தேயிலைக்குள் எறிந்துவிடலாம் என்றுதான் பேட்டரியை மடியில் முடிந்துகொண்டு கொழுந்தெடுக்கப் போனாள். எறிய மனம் வரவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், நெஞ்சு குளிர்ந்தது.

மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு லயத்து ரெங்கம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "விஜி, வீட்டுக்கு ஓடு! ஒம் மாமனாரு..."

லய வாசலில் ஒரே கூட்டம். பாதி எரிந்த கம்பளி முற்றத்தில் நனைந்து கிடந்தது. தூக்கத்தில் சுருட்டு நழுவியிருக்கிறது. வெந்துபோன கால்களோடு முனகிக்கொண்டிருந்த அழகரைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

சிவசக்தியின் இரண்டு கைகளிலும் ஈரத்துணி சுற்றியிருந்தது. கிழவரின் அலறல் கேட்டுக் கதவை உடைத்து, அவரை வெளியே இழுத்துப் போட்டவள் அவள்தானாம்.

விஜயலெட்சுமியைக் கண்டதும் அவள் ஓவென்று அழுதாள்.

"மன்னிச்சிருங்கக்கா... மாமா தனியா கெடக்காரேன்னு அவருக்காக மாட்டுன பெட்டிக்கா அது, இன்னைக்குன்னு பாத்து கத்தவே இல்ல!"