தோக்கோ அனுப்பிய பார்சல்

ஆப்பிரிக்காவிலிருந்து பார்சல் வந்திருக்கும் செய்தியை மதிவாணனே பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனில் மாதாமாதம் பணம் அனுப்பி, ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் மூலமாக மலாவி நாட்டுச் சிறுமி தோக்கோவைப் படிக்க வைக்கிறவர் அவர். குவார்ட்டர்ஸில் வேறு யாருக்கு வரும் அந்த மனசு?

“நன்றி மறக்காத பொண்ணு. கைவேலைப் பொருள் ஏதாவது அனுப்பியிருக்கும், பாரு,” என்று மனைவி அம்சவல்லியிடம் சொல்லிக்கொண்டே, கூடியிருந்தவர்கள் முன்னால் பிரித்தார்.

உள்ளே ஒரு கம்பளிப் போர்வை, இரண்டு பழைய சட்டைகள், ஒரு பொட்டலம் சோளமாவு.

“சட்டை உங்க அளவுதான் சார்,” என்றார் எதிர்வீட்டு வேணு.

மதிவாணன் அந்த நிறுவனத்தின் சென்னை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

“தோக்கோவோட கிளாஸ் பிள்ளைங்க உங்களுக்காக வீடு வீடாப் போய்ச் சேர்த்தது சார்,” என்றாள் அங்கே பேசிய பெண். “நீங்க அனுப்பின போட்டோவைப் பார்த்துட்டு எல்லாரும் அழுதுட்டாங்களாம். உங்க ஊர்ல எப்ப சார் குண்டு போட்டாங்க?”

“குண்டா? ஐயோ, அது நான் வேலை பாக்கற மைன்ஸுங்க! நிலக்கரி வெட்டற பள்ளம்! ஹெல்மெட் போட்டுக்கினு, பெருமையா முன்னாடி நின்னு எடுத்தது!”

வேணு விழுந்து விழுந்து சிரித்தார். கூட்டமே சிரித்தது.

அம்சவல்லி மட்டும் சிரிக்காமல் போர்வையை உதறி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“அத எங்க எடுத்துக்கினு போற?”

“எங்கம்மாவுக்கு. நீங்க நின்ன பள்ளத்துலதான எங்க வூடு இருந்துச்சு?”