கட்டி பெருத்துவிட்டது

போனை வைத்துவிட்டு முத்துப்பிரியா அப்பாவிடம் வந்தாள்.

"மதுரை டாக்டர் பேசுனாருப்பா. புற்றுநோய்க்கு மருந்து ஏத்துன பெறகு தோள்பட்டைக் கட்டி இன்னும் பெருசாயிருக்காம். ஆனா…"

"போதும் ஆத்தா." ஏலக்காய் வியாபாரி விஜயபாண்டி கையை உயர்த்தினார். "காய் பெருத்தா லாபம். கட்டி பெருத்தா என்னன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் குரங்கணி ஜீப்புக்காரப் பயலை வீட்டாளுகளோட வெரசா வரச் சொல்லு. நான் கண்ணை மூடுறதுக்குள்ள வெத்தலை மாத்திருவோம்."

அவள் விரும்பிய அந்தப் பையனை இரண்டு வருடங்களாக வாசல்படி ஏற விடாதவர் அவர். முத்துப்பிரியா மீதியைச் சொல்லவில்லை.

சாயங்காலம் உறவுக்காரர்கள் முன்னால் நிச்சயத் தாம்பூலம் மாற்றினார்கள். அதன்பிறகு சொல் மாறுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. எல்லோரும் கிளம்பியதும் அவள் அப்பாவின் காலருகே உட்கார்ந்தாள்.

"வைய மாட்டீங்களே? கட்டியில ஒரு துணுக்கை எடுத்துப் பாத்திருக்காங்க. உள்ள முழுக்க உங்க ஒடம்போட நோய் எதிர்ப்பு அணுக்கள்தானாம். கூட்டமாப் புகுந்து புற்று அணுக்களைக் கொன்னுக்கிட்டிருக்காம். அதனாலதான் வீக்கம். மருந்து நல்லா வேலை செய்யுதுப்பா. காலையிலயே சொல்லியிருக்கணும்…"

விஜயபாண்டி வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார்.

"டாக்டர் மொதல்ல எனக்குத்தான் ஆத்தா பேசுனாரு. ஒனக்கும் பேசச் சொன்னதே நான்தான். ரெண்டு வருசமா போடி ஊரு முழுக்க முடியாதுன்னு சொல்லித் திரிஞ்சவன், சாகப்போறேன்னு சொல்லாம எப்படிச் சம்மதிக்கிறது?"