முப்பத்திரண்டு டிகிரி

வியாழக்கிழமை மனைவி ராமாத்தாளுக்கு இருதய ஆபரேஷன். அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன் கிஷனைத் தம்புசாமி கைப்பேசியில் அழைத்தார். குரல் மட்டும்தான் வரும். அவனுடைய கேமரா கெட்டுப்போய் ஒரு வருடமாகிறது.

“லீவு கிடைக்கலப்பா. எவ்வளவோ கேட்டுப் பார்த்துட்டேன்.”

“சரிய்யா. அங்க இன்னைக்கு எத்தனை டிகிரி?”

சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் பாய்லர் சூட்டைப் பார்த்துப் பார்த்துக் குறித்தவர். யாரிடம் பேசினாலும் அந்தக் கேள்வி வாயில் தானாக வந்துவிடும்.

“முப்பத்திரண்டுப்பா. வெளிய போனாலே வேர்த்துக் கொட்டுது.”

“செல்சியஸா, பாரன்ஹீட்டா?”

“அமெரிக்காவுல ஏதுப்பா செல்சியஸ்? எல்லாம் பாரன்ஹீட்தான் லா.”

தம்புசாமி போனை மெதுவாகக் கீழே வைத்தார். பாரன்ஹீட்டில் முப்பத்திரண்டு என்றால் தண்ணீர் ஐஸாக உறைகிற குளிர். அதில் எவனுக்கு வேர்க்கும்? செல்சியஸில் முப்பத்திரண்டு, இன்று இங்கே மலாக்காவில்தான் அடிக்கிறது.

“புள்ள என்ன சொல்றான்?” என்று கேட்டாள் ராமாத்தாள்.

ஆபரேஷனுக்குப் போகிறவளிடம் என்னத்தைச் சொல்வது?

“அங்க கடுங்குளிராம். தண்ணியெல்லாம் ஐஸாயிருச்சாம். பிளேன் ஓடலயாம்.”

ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் துணிகளை மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்.

“போன ஞாயித்துக்கிழமை இங்க நம்ம பாயா ரும்புட் பசார்ல அரைக்கால் சிலுவாரோட மீன் வாங்கிட்டு நின்னான். உங்க மனசு தாங்காதேன்னு சொல்லல. என்னையப் பார்த்தா சங்கடப்படுவானேன்னு நான்தான் ஒரு லோரிக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டேன்.”