துணைக்கு வந்தவர்

நகைக்கடையின் கண்ணாடி மேசைக்கு மேலே எரியும் வெள்ளை விளக்கில் அவன் விரல்கள் இன்னும் கறுப்பாகத் தெரிகின்றன. அடுத்த மாதம் அவளைக் கட்டப்போகிறவன், லாரி பட்டறைக்காரன். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் ஒரு கோடாக மிஞ்சிவிடுகிறது. அவள் ஆசையாகப் போட்டுவிட்ட மோதிரம் விரல் முட்டியில் சிக்கிக்கொண்டு கழல மறுக்கிறது. இருவரும் அதற்குச் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவள் வேலை பார்க்கும் வங்கியின் மேனேஜர் பக்கத்தில் வந்து நிற்கிறார். "கல்யாண மோதிரமா? மாப்பிள்ளை வரலையாம்மா?" அவள் வாய் முந்திக்கொள்கிறது. "அவருக்கு வேலை சார். இவர் அண்ணனோட ஃப்ரெண்டு."

விற்பனைப் பெண் குனிந்து, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்கிறாள். அவன் மோதிரக் கையை மெல்லப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு எழுந்து நிற்கிறான். "ஆமா சார், சும்மா துணைக்கு வந்தேன்." "சரி, மாப்பிள்ளையைக் கல்யாணத்துல பாத்துக்கறேன்" என்று சிரித்தபடி மேனேஜர் நகர்கிறார். ஏசிக் குளிரிலும் அவளுக்குக் காது மடல் எரிகிறது. அவன் உட்கார்ந்து, பைக்குள் விட்ட கையை எடுக்காமலே, மறு கையால் மோதிரத் தட்டை அவள் பக்கம் தள்ளுகிறான். "உனக்குப் பிடிச்சதைப் பாரும்மா" என்கிறான், சற்று முன் மேனேஜரிடம் பேசிய அதே குரலில். மடியில் கிடக்கும் தன் கையை மேசைமேல் வைக்க அவளுக்குக் கூசுகிறது.