கொக்கு இறங்கும் கரை

"கொக்கு எந்தக் கரையில பாப்பா நெறைய எறங்குது?" என்று அப்பா கேட்டபோது வெண்பாவுக்கு நம்பவே முடியவில்லை. அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோதுகூட ஏன் என்று கேட்காதவர் கொளஞ்சியப்பன்.

உலகமெங்கும் ஒரே சமயத்தில் பறவைகளை எண்ணிப் போனில் பதிகிற கணக்கெடுப்பில் அவளும் சேர்ந்திருந்தாள். பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால், களிமண் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய தண்ணீர்தான் அவளுடைய இடம்.

ஜங்ஷன் பக்கம் அப்பா போட்டிருந்த வறுவல் கடையில் அப்போது காடைக்கு நல்ல கூட்டம். அந்த அவசரத்திலும் கடைக்குக் கிளம்பும் முன் அவர் கேட்பார். அவள் ஆசையாகச் சொல்வாள்.

ஆனால் கொக்குகள் நாளுக்கு நாள் குறைந்தன. ஒரு விடியற்காலையில் காரணம் தெரிந்தது.

சாக்குப் பையோடு ஓர் ஆள் முழங்கால் தண்ணீரில் நடந்து போய், நின்றிருந்த கொக்கைக் கழுத்தோடு பிடித்துப் பைக்குள் போட்டார். அது சிறகடிக்கக்கூட இல்லை. மருந்து வைத்துவிட்டான் என்று நினைத்து வெண்பா புதருக்குப் பின்னால் ஒடுங்கினாள்.

வீட்டில் சொன்னதும் அவளைவிட அப்பாவுக்குத்தான் ஆத்திரம். ஆள் எப்படி இருந்தான், எந்தப் பக்கமாகப் போனான் என்று துருவினார்.

"நாளைக்கு நானே வரேன். கையும் களவுமா புடிக்கணும்."

அப்பா தனக்காக வருகிறார் என்பதே அவளுக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள், பின்னால் கறிப்பெட்டி கட்டிய வண்டியைக் கரைமேல் நிறுத்தினார். தண்ணீரில் அதே ஆள். அவரைப் பார்த்ததும் அப்பா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. ஆள் முரடனாகத் தெரிகிறான், போய்விடலாம் என்றார்.

அப்பா பின்னால் இருக்கிற தைரியத்தில் அவள் ஏற்கெனவே இறங்கி ஓடியிருந்தாள்.

"பையத் தொறங்க," என்றாள். 

அந்த ஆள் கோபப்படவில்லை. கரையேறி, பையை மெல்லக் கவிழ்த்தார். இரண்டு வெள்ளைக் கொக்குகள் ஒன்றோடொன்று இடித்து, தட்டு இடித்ததுபோல் ஒலித்தன.

பீங்கான். நேற்றுவரை அவள் உயிருள்ளவை என்று கணக்கில் சேர்த்தவை.

"நான் பட்டறைக்காரன்மா, பேரு தேவநாதன்," என்றார் அவர். "தோட்டத்துல வெக்கிறதுக்குன்னு ஒருத்தர் கேட்டாரு, செஞ்சு குடுத்தேன். இதத் தண்ணியில நிறுத்தி வெச்சா, நெசக் கொக்கு தன் கூட்டம்னு நம்பிப் பக்கத்துல எறங்குது. வலையப் போட்டு இழுத்துடுறாரு. விஷயம் தெரிஞ்சதும் மனசு கேக்கல. அதான் வந்து பொறுக்கிட்டுப் போறேன்."

வெண்பா குனிந்து ஒரு கொக்கைத் தொட்டுப் பார்த்தாள். "யாருங்க அந்த ஆளு?"

"பேரு தெரியாதும்மா. கொக்க வறுத்துக் காடைன்னு விக்கிறவரு." பையை மடித்தபடி நிமிர்ந்த தேவநாதன் கரைமேல் பார்த்தார். "அதோ, பெட்டி கட்டின வண்டியில உக்காந்திருக்காரே, அவருதான்."

அவள் திரும்பினாள். அப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.