எந்தப் பக்கத்து ரத்தம்?

"இந்தத் திமிர் உங்கம்மா வீட்டு நாயோட ரத்தம். டாக்டரே சொல்லட்டும்" என்றான் கணவன், கால்நடை டாக்டரின் மேஜை மேல் குட்டியை இறக்கிவிட்டு.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். குட்டி வந்த நாளிலிருந்து இதே பாட்டு. சொன்னதும் உட்கார்ந்தால் மாமியார் வீட்டு டெரியரின் அறிவு. செருப்பைக் கடித்தால் அவள் பிறந்த வீட்டுப் பொமரேனியனின் புத்தி.

அந்த இரண்டையும் ஜோடி சேர்க்கச் சம்பந்திகள் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. மாமியார் நேரில் வந்து, பெண் நாயின் மூக்கு, காது, நடை எல்லாம் பார்த்து, "வீட்ல போய்க் கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனவள்.

இப்போது வாடகை வீட்டு ஓனரின் தொட்டிச் செடிகளைக் குட்டி தோண்டிப் போட்டுவிட்டது. நாயா, வீடா என்று கேட்டுவிட்டார் மனிதர். கெட்ட குணம் எந்தப் பக்கமோ அந்த வீட்டில் குட்டியை விட்டுவிடுவது என்று கணவன் ஒரு நியாயம் கண்டுபிடித்தான். பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டால் மாமியார் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

டாக்டர் வெள்ளந்தி. இரண்டு வீட்டு நாய்களுக்கும் அவர்தான் வைத்தியம்.

"பொமரேனியனும் குரைக்கும், ஆனா மடியில இடம் கொடுத்தா அடங்கிடும். டெரியர் அப்படி இல்ல. எலி பிடிக்கன்னே வளர்த்த இனம். மண்ணைப் பார்த்தா தோண்டும். பிடிச்ச பிடியை விடாது. தான் சின்ன உருவம்னு அதுக்குத் தெரியவே தெரியாது."

"இது எந்தப் பக்கம் டாக்டர்?" என்று கேட்டாள் அவள்.

டாக்டர் குட்டியின் தாடையைத் தூக்கிப் பார்த்தார். அது அவரை முறைத்தது.

"முடி மட்டும்தான் அம்மா. குணம் மொத்தமும் அப்பா. சுத்த டெரியர்."

அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "கேட்டுக்கிட்டீங்களா? நேரா உங்கம்மா வீட்டுக்கு வண்டியை விடுங்க."

கணவனின் முகம் சுருங்கிப்போனது. குட்டியைத் தூக்கினான்.

"அங்க எதுக்கும்மா?" என்றார் டாக்டர். "இதுக்கு அப்பா வேற ஏதோ டெரியர். அந்த வீட்டு நாய் இல்ல."

"அதெப்படி டாக்டர்?" என்றாள் அவள்.

"சேர்க்கலாம்னு பேச்சு எடுத்த வாரமே உங்க மாமனார் யாருக்கும் தெரியாம அதைக் கூட்டிட்டு வந்து கருத்தடை ஆபரேஷன் பண்ணிட்டுப் போயிட்டாரே. 'என் பையன்தான் அந்த வீட்ல மாட்டிக்கிட்டான் டாக்டர், இந்த வாயில்லா ஜீவனாவது தப்பிக்கட்டும்'னு சொன்னார்."