கால்வாயோரத்து மனை

"இன்னைக்கும் இதை எடுக்க முடியாது சார்."

கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தா அம்மாள் மனுவைத் திருப்பித் தள்ளினார். லேத் பட்டறைக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது.

"முந்தாநாள் கையெழுத்து கோணல்னீங்க. நேத்து போட்டோ பழசுன்னீங்க. இன்னைக்கு என்னம்மா?"

"கருப்பு மையில எழுதியிருக்கீங்க. ஊதாவுலதான் எழுதணும்."

கூட வந்த மைத்துனன் காதைக் கடித்தான். "மாமா, இந்தம்மா வேணும்னே இழுத்தடிக்குது."

வாடகைப் பட்டறையை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். லேத்தைக் கொண்டுபோய் இறக்க அவருக்கென்று இருப்பது, இருபது வருடம் இரும்பைக் கடைந்து வாங்கிய கால்வாயோரத்து மனை ஒன்றுதான். அதில் போய் இனிமேல் யாரும் கட்டடம் கட்டக் கூடாது என்று போன மாதம் உத்தரவு போட்டுவிட்டார்கள். மனுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் தகரக் கொட்டகைக்கு மட்டும் அனுமதியாம்.

"என் நிலத்தைத்தான் முடக்கிட்டீங்க. நஷ்ட ஈடாவது குடுங்க!"

"நாங்க எடுத்துக்கலையே சார். இப்பவும் உங்க பேர்லதானே இருக்கு."

"பேரை வெச்சு நாக்கு வழிக்கவா?"

அதற்குமேல் பட்டறைக்காரருக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே அதிகாரியின் அறைக்குப் போனார்.

அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். "வாங்கய்யா, உட்காருங்க. இந்தச் சின்ன விஷயத்துக்கா இத்தனை பாடு?"

மனுவை வாங்கினார். மையையும் பார்க்கவில்லை, போட்டோவையும் பார்க்கவில்லை. முத்திரையைக் குத்தி நகலைக் கையில் கொடுத்துக் கும்பிடும் போட்டார்.

"பாத்தியா மாப்ளே, இவருல்ல மனுஷன்!"

வெளியே வந்தவர் கவுன்ட்டர் முன்னால் நின்று நகலை ஆட்டிக் காட்டினார். "ரெண்டே நிமிஷம்! நல்லாப் பாத்துக்குங்கம்மா."

குமாஸ்தா அம்மாளின் முகம் செத்துப்போனது. "ஐயோ, குடுத்துட்டீங்களா? அச்சடிச்சிருக்கிற கடைசி வரியைப் படிச்சீங்களா சார்?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'மேற்படி உத்தரவினால் என் மனைக்கு ஏற்படும் இழப்புக்கு எக்காலத்திலும் ஈடு கோர மாட்டேன் என இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன்.'



அந்த அம்மாள் உள்ளறைக் கதவை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வரி இல்லாத புதுப் படிவம் திங்கட்கிழமை வருது சார். வெளியில மூச்சு விடக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. இன்னைக்கு வெள்ளி... இன்னும் ஒரே ஒரு தடவை உங்களைத் திருப்பி அனுப்பிட்டா தப்பிச்சிடுவீங்கன்னு பார்த்தேன்."